மருந்தும் மருந்நும்

என் தங்கைக்கு வரும் வலிப்புகளுக்கு அம்மா தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தாள். நின்றுகொண்டிருக்கும்போதே முட்டு மடங்கித் தரையில் விழுவது வீழ்ச்ச. கையும் காலும் இழுத்துக்கொண்டு வாயோரம் நுரை கட்டுவது வெட்டு. கண் ஓரிடத்தில் நிலைகுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருப்பது நோட்டம். முதல் சொல் மலையாளம், இரண்டாவது எங்கள் செங்கோட்டைப் பக்கத்துத் தமிழ், மூன்றாவது இரண்டு பக்கத்துக்கும் சேரும். எது எந்த மொழி என்று அம்மா யோசித்ததில்லை. அந்தந்த நேரத்துக்கு வாயில் வந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

தங்கையைப் பார்த்துவந்த நரம்பியல் டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. அவர் படித்த புத்தகங்களில் இவற்றுக்கு வேறு பெயர்கள் உண்டு. ஆனாலும் அம்மாவிடம் அம்மா வைத்த பெயர்களிலேயே கேட்பார்: “அம்மே, இப்ப வெட்டு கூடுதலா, வீழ்ச்ச கூடுதலா?” அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விவரமாகச் சொல்வாள். வெட்டு குறைந்தால் வீழ்ச்ச கூடுகிறது, மழைக்காலத்தில் நோட்டம் அதிகம், புது மாத்திரை ஆரம்பித்த பிறகு பிள்ளை சிரிப்பதே இல்லை. டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். கற்றவர் ஒருவரோடு அம்மா சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேசியதை நான் பார்த்த ஒரே இடம் அந்த அறைதான்.

அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே வேலை தேடி, மலை தாண்டி இந்த மலையாள நகரத்துக்கு வந்துவிட்டார்கள். கிழக்கேகோட்டைக்கும் சாலைக் கம்போளத்துக்கும் நடுவில் ஒரு சந்தில் எங்கள் லைன் வீடு. அப்பா ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். நான் பத்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அப்புறம் மலையாளத்தோடும் ஆங்கிலத்தோடும் மல்லுக்கட்டி எம்.ஏ. வரை போனேன். இப்போது அரசு வேலைத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது. கல்லூரியில் மலையாளப் பேச்சுப் போட்டிகளில் மலையாளிப் பிள்ளைகளை ஜெயித்திருக்கிறேன். மேடையில் நான் பேசினால் நான் எந்த வீட்டுப் பெண் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தங்கை என்னைவிட மிகவும் இளையவள். நடக்கப் பழகியபோதே விழவும் பழகிவிட்டாள். எந்த மாத்திரையும் சில மாதங்களுக்கு மேல் கேட்கவில்லை. நெற்றியிலும் மோவாயிலும் தையல் போட்ட தழும்புகள். அம்மா பழைய தலையணையின் பஞ்சை எடுத்து உள்ளே வைத்து ஒரு துணித் தொப்பி தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் தங்கை சந்தில் விளையாடுவாள். சந்துப் பிள்ளைகள் அவளைக் கிரிக்கெட் விளையாட்டில் அம்பயராக நிறுத்துவார்கள். நடுவில் அவள் விழுந்தால் ஒருவன் என் அம்மாவைக் கூப்பிட ஓடுவான், மற்றவர்கள் பந்து மேலே படாமல் பார்த்துக்கொள்வார்கள். அவள் எழுந்த பிறகு ஆட்டம் தொடரும். அவளுக்குத் தெரிந்த சொற்கள் குறைவு. ‘அவுட்’ என்பதை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு வெட்டு ஆரம்பித்து நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் போட்டு, மூச்சுக்குழாய் வைத்து, ஊசி மருந்தால் சில நாட்கள் முழு மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர்தான் அம்மாவிடம் தமிழில் விளக்கினார். “மயக்க மருந்து ஏத்தியிருக்கோம் அக்கா. அது உள்ள போற வரைக்கும் வெட்டு வராது.” அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபடியே இருந்தாள். குழாயும் வயரும் எங்களைப் பயமுறுத்தின. அம்மாவுக்கு அவை கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து அந்த முகம் துடிக்காமல் இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். பிள்ளை நன்றாக உறங்குகிறாள் என்று ஊருக்குப் போன் செய்தாள்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு எண்ணெயைக் கொடுக்கிறார்கள் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகு. போதை தரும் சத்தை எடுத்துவிட்டு, வலிப்பை அடக்கும் சத்தை மட்டும் வைத்திருப்பார்கள். ஒரு செடியைப் பற்றி அவ்வளவு படித்தது அதுவே முதல் தடவை. டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. இது மந்திரம் இல்லை என்றார். சில பிள்ளைகளுக்குக் குறைகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, கல்லீரலைக் கவனிக்க வேண்டும். இங்கே கடையில் கிடைக்காது. டாக்டர் இன்ன நோயாளிக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மேலிடத்தில் அனுமதி வாங்கி, வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். ஆன்லைனில் அதே செடியின் இலை எண்ணெய் விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள், அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கடைசியில், “நான் எழுதாம்” என்றார். எழுதுகிறேன் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வெளியே வந்ததும் அம்மாவுக்கு விஷயத்தை விளக்கினேன். கஞ்சா என்ற சொல்லைச் சொல்லாமல் விளக்கினேன். ‘ஒரு செடி எண்ணெய். வெட்டு குறையும்’ என்றேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

டாக்டர் எழுதுவதற்குள் அந்தக் கூட்டம் வந்தது.

நகரத்தில் ஒரு வாசகர் சங்கம் மாதம் ஒரு விவாதம் நடத்தும். அந்த மாதத் தலைப்பு, மருத்துவத்துக்காகக் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்பது. என் கல்லூரிப் பேச்சுகளைக் கேட்டிருந்த ஒருவர் என்னை அழைத்தார். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதால் அம்மாவையும் கூட்டிவாருங்கள் என்றார். தங்கையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம். அம்மா கோயிலுக்கு உடுத்தும் பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டாள்.

மேடையில் ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் ஒருவர், நான். வக்கீல் சட்டம் எப்படி இருக்கிறது என்று சொன்னார். பூவும் பிசினும் குற்றம், பூ இல்லாத வெறும் இலை அந்தக் கணக்கில் வராது என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர், “அப்ப வெற்றிலைக்குப் பதிலா போடலாமே” என்றார். சிரிப்பு எழுந்தது. மனநல மருத்துவர் சிரிக்கவில்லை. அவருடைய வார்டுக்கு வருகிற பையன்களைப் பற்றிச் சொன்னார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பையன்கள். ஒவ்வொருவனும் தொடக்கத்தில் அதை மருந்து என்றுதான் சொன்னான் என்றார். “கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்கிறீர்கள். கொஞ்சமாகத் திறந்து நிற்கிற கதவை நான் பார்த்ததில்லை.” அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் சந்திலேயே அப்படி ஒருவன் உண்டு.

அப்புறம் நான் பேசினேன். நன்றாகப் பேசினேன். வலிநிவாரணி ஊசிகளும் அபினியிலிருந்து வந்தவைதான், அவற்றைப் பூட்டி வைத்து, கணக்கு வைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற ஏற்பாட்டை இதே நாடு செய்திருக்கிறது, ஒரு குழந்தையின் எண்ணெய்க்கு மட்டும் அது ஏன் முடியாது என்று கேட்டேன். வார்டில் இருக்கும் பையன்களுக்காக அழுகிறவர்கள் என் தங்கையின் நெற்றித் தழும்புகளையும் பார்க்க வேண்டும் என்றேன். கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. மனநல மருத்துவரே தட்டினார்.

நடத்தியவர் அந்தக் கைதட்டல் அடங்கியதும் கீழே இறங்கி, இரண்டாம் வரிசையில் இருந்த அம்மாவிடம் மைக்கை நீட்டினார். அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று மைக்கை வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, இங்கே இருக்கும் எங்களவர்கள் மலையாளம் பேசும் விதம் தெரிய வேண்டும். வகுப்பில் படித்து யாரும் பேசுவதில்லை. தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் திருப்பினால் மலையாளம் ஆகிவிடும் என்று கண்டுகொண்டவர்கள். வந்து என்றால் வந்நு. இருந்து என்றால் இருந்நு. மருந்து என்றால் மருந்நு. பெரும்பாலும் இது பலிக்கும். கம்போளத்தில் காய்கறி வாங்கவும், பேருந்தில் சண்டை போடவும், ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்கவும் அம்மா இந்த ஒரு வித்தையை வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டாள். மேடைக்கு எதிரே நின்றதும், கூடியிருப்பவர்கள் மலையாளிகள் என்ற மரியாதையில், நர்ஸ் சொல்லிக் கொடுத்த தமிழ்ச் சொல்லை அவள் ஒழுங்காகத் திருப்பினாள்.

“எனக்கு வலுதாயிட்டு ஒண்ணும் அறியத்தில்ல. என் மோளுக்கு மயக்குமருந்நு கொடுத்தப்பதான் அவ நல்லா உறங்கினா. வெட்டு இல்ல, வீழ்ச்ச இல்ல. முகம் பூ மாதிரி இருந்தது. எனக்கு அந்த மயக்குமருந்நு மதி, அது போதும். அது எங்க கிட்டும்னு சொல்லித் தந்தா, நான் வீட்டுல வச்சுக் கொடுத்துக்கிடுதேன்.”

தமிழில் மயக்க மருந்து என்றால் ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பது. மலையாளத்தில் மயக்குமருந்நு என்றால் போதைப்பொருள். போலீஸ் பிடிப்பது, பள்ளிச் சுவரில் வேண்டாம் என்று எழுதி வைப்பது, மந்திரிகள் அதற்கு எதிராக மனிதச் சங்கிலி நடத்துவது. எங்கள் வித்தை அந்த ஒரு சொல்லில் அம்மாவைக் கைவிட்டது.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மனநல மருத்துவர் தாழ்ந்த குரலில், “இதுதான் என் பயம்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்து அவருக்கு நிஜமாகவே இரக்கமாக இருந்தது. நான் மேடையில் இருந்த மைக்கை இழுத்து, தமிழில் அதற்கு என்ன பொருள், என் தங்கைக்கு ஐ.சி.யு.வில் என்ன கொடுத்தார்கள் என்று விளக்கினேன். தெளிவாகத்தான் விளக்கினேன். அதற்குள் பின்வரிசைகள் தேநீருக்கு எழுந்துகொண்டிருந்தன. அம்மா என்னைப் பார்த்து, சரியாகப் பேசினேனா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையசைத்தேன்.

யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். அம்மா எழுந்து நிற்பதில் தொடங்கி ‘கொடுத்துக்கிடுதேன்’ என்பதோடு முடிகிற சின்னத் துண்டு. மகளுக்கு மயக்குமருந்நு கொடுத்து உறங்கவைத்த தாய் என்று மேலே எழுதியிருந்தது. என் பேச்சை யாரும் பிடித்திருக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் என்னிடம் படிக்கும் ஒரு பெண்தான் அதைக் கொண்டுவந்து, “டீச்சரே, இது உங்களோட அம்மா அல்லே?” என்று காட்டினாள். கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். பாண்டிச்சி, வேறென்ன செய்வாள் என்று ஒருவர்; தமிழ்ப் பெண்ணை இங்கே இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. சேலையைப் பார், கஞ்சாவிலேயே நெய்தது மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர். குழந்தையை உடனே மீட்க வேண்டும் என்று நல்லவர்கள் பலர். கடைசி வகை ஆட்கள்தான் எங்களுக்கு வினையானார்கள். நானும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். இலக்கணச் சுத்தமான மலையாளத்தில் எழுதினேன். ஒருவர் மட்டும் ஒரு சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டார்.

அவர்கள் வந்தது ஒரு மத்தியான நேரம். குழந்தைகள் நலம் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண், கூடவே சாராயமும் கஞ்சாவும் பிடிக்கும் எக்சைஸ்காரர்கள் இருவர், சாதாரண உடையில். சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தங்கையின் தொப்பியைக் கழற்றித் தழும்புகளைப் பார்த்தார். எப்படி வந்தவை என்று கேட்டார். விழுந்ததால் வந்தவை என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எக்சைஸ்காரர்கள் அடுக்களையில் டப்பாக்களைத் திறந்து முகர்ந்தார்கள். ஜன்னல் கம்பியில் அம்மா நொச்சிக் குழையைக் கட்டிக் காயவைத்திருந்தாள். எங்கள் வீட்டில் தடுமனுக்கு ஆவி பிடிக்க அதுதான். காய்ந்து சுருண்ட நொச்சி இலை, கஞ்சா இலை மாதிரியே ஒரு காம்பில் ஐந்து விரலாக விரிந்திருந்தது.

“இது எந்தா?” என்றார் ஒருவர்.

“நொச்சி” என்றாள் அம்மா. “சாருக்குச் சளி பிடிச்சா சொல்லுங்க, கொதிக்க வச்சுத் தாரேன்.”

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எக்சைஸ்காரருக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டார். ஆனாலும் ஒரு கொத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அது நொச்சி என்று தெரிந்த பிறகு யாரும் வந்து சொல்லவில்லை.

அந்தப் பெண் போவதற்கு முன் அம்மாவிடம் தனியாகப் பேசினார். கெட்ட எண்ணத்தில் பேசினார் என்று என்னால் சொல்ல முடியாது. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் குழந்தையை ஒரு இல்லத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும், இன்னொரு புகார் வந்தால் என் கையில் இல்லை என்றார். நான் குறுக்கிட்டு, எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டேன். அவர் பிரிவைச் சொன்னார். அம்மாவுக்குப் பிரிவு புரியவில்லை. ‘குட்டியை மாற்றும்’ என்ற இரண்டு சொல் புரிந்தது. அதைத் திருப்பவே தேவையில்லை, இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

அன்றைக்கு அப்பா ஓட்டலிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். முதலாளி அந்தத் துண்டுப் படத்தைப் பற்றிக் கேட்டாராம்.

மறு ஓ.பி.யில் டாக்டர் எங்களை அன்பாகத்தான் நடத்தினார். துண்டுப் படத்தை அவரும் பார்த்திருந்தார். சொல் எங்கே தவறியது என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்திருந்தது. ஆனால் அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கு அதைப் புரியவைக்கும் நேரம் இது இல்லை என்றார். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கேட்டு எழுதியிருந்தார்கள். இந்தச் சமயத்தில் இதே பிள்ளைக்கு இதே செடியின் எண்ணெய் வேண்டும் என்று எழுதினால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். “கொஞ்சம் அடங்கட்டும் மோளே. நான் எழுதாதிருக்க மாட்டேன்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, வெட்டு எப்படி, வீழ்ச்ச எப்படி என்று வழக்கம்போல் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். “நீ சொல்லு” என்றாள்.

எனக்கு என்ன தெரியும். பகலெல்லாம் நான் வகுப்பில் இருக்கிறேன். பொத்தாம்பொதுவாக ஏதோ சொன்னேன். டாக்டர் மறுபடியும் அம்மாவிடம் கேட்டார். அம்மா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வெளி ஆட்கள் இருக்கும் இடத்தில் அவள் வாயைத் திறப்பதில்லை. கம்போளத்தில்கூடக் காயைத் தொட்டுக் காட்டி வாங்கத் தொடங்கினாள். வாடிக்கையாகப் பேசிச் சிரிக்கும் கடைக்காரர், “எந்தா அக்கா, மௌன விரதமா?” என்று கேட்டபோதும் காயைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். நாக்கில் எந்தச் சொல் எந்த மொழியில் எதுவாக மாறி விழும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லா மொழியும் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்த விஷயங்கள் எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் மாத்திரையை டாக்டர் என் வாயிலிருந்து கேட்டதை வைத்தே கூட்டிக் குறைத்தார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் தங்கை சந்தில் நின்றபடியே விழுந்தாள். விழுந்தவளுக்கு வெட்டு பிடித்துக்கொண்டது. சந்துப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். கேஷுவாலிட்டியில் இளவயது டாக்டர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டே அம்மாவைக் கேட்டார், வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா என்று. எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது, மாத்திரை விட்டுப்போனதா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். வெட்டு எப்போது தொடங்கியது, முதலில் எந்தக் கை இழுத்தது, இடையில் நின்றதா, ஒன்றும் சொல்லவில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. “எம்மா, சொல்லும்மா” என்று அவளை உலுக்கினேன்.

மறுபடியும் ஐ.சி.யு. மறுபடியும் குழாய், மறுபடியும் அந்த மருந்து. இந்த முறை அம்மா கண்ணாடிப் பக்கம் போகவில்லை. வராந்தாவில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

தங்கை பிழைத்து வந்தாள். வந்தவள் முன்பு போனவள் இல்லை. விழுங்கத் தெரியவில்லை. மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சித் தண்ணீர் ஊற்ற வேண்டும். உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாள், அதனால் சக்கர நாற்காலியில் துண்டால் கட்டி வைக்கிறோம். சந்துப் பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வேறு ஒருவனை அம்பயராக நிறுத்திவிட்டார்கள். வலிப்பு மட்டும் பழையபடியே இருக்கிறது, இன்னும் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். படுத்த இடத்திலேயே இருக்கிறவளுக்கு விழுவது மட்டும் இல்லை.

எண்ணெய் அப்போதே வந்திருந்தால் இது நடந்திருக்காதா? டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அவர் தெரியாது என்று சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். காத்திருந்தது போதும், யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எழுதிவிட்டேன் என்றார். மேசைமேல் தாள்கள் தயாராக இருந்தன. பெற்றவர்களின் சம்மதம் வேண்டும், அக்காவின் சம்மதம் செல்லாது. போனது திரும்பி வராது, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று மெதுவாக, தமிழ் மாதிரி ஆக்கிப் பேசினார். கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்து அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

அம்மா மை டப்பாவைத் தொடவில்லை. அத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் வாயைத் திறந்து, டாக்டரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்.

“இது அந்தச் செடிதானே?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஆமா” என்றேன்.

“எல்லாவனும் அன்னைக்கு எதைச் சொன்னானுவளோ, அதுதானே?”

“அதுதான். ஆனா இது மருந்தும்மா. டாக்டரே எழுதித் தாராவ. சட்டப்படி வருது. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

“அன்னைக்கு நாம ஒண்ணுமே கொடுக்கலியே ஏட்டி. நொச்சியத்தான் பிடுங்கிட்டுப் போனானுவ. ஒண்ணும் கொடுக்காமலே புள்ளைய மாத்துவேன்னாவ. இப்ப நெசமாவே கொடுத்தா?”

சொன்னேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன், அனுமதியைச் சொன்னேன், வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சொன்னேன், என் வேலையின் மேல் சத்தியம் செய்தேன். யாராவது வந்தால் நான் வாசலில் நின்று தடுப்பேன் என்றேன். அன்றும் நான் வீட்டில்தான் இருந்தேன் என்பதை அவள் சொல்லிக்காட்டவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஓட்டல் இரைச்சல். அவ என்ன சொல்லுதாளோ அதான், என்று அப்பா வைத்துவிட்டார்.

“இப்படியாவது எங்கூட கெடக்கட்டும்” என்றாள் அம்மா. “இல்லத்துல விட்டா மூக்குக் குழாயில எவ பாத்து ஊத்துவா? சூடு பாப்பாளா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். கூடம் நிறைந்த ஆட்களிடம் நான் சொன்ன எதையும், ஓய்வுபெற்ற மருத்துவரையே கைதட்டவைத்த எதையும், இந்த ஒருத்திக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. அவள் பயப்படுவதற்குக் காரணம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவள் இந்த மருந்தைத் தடுப்பது தவறு என்பதையும் விட்டுக்கொடுக்க முடியாது.

அம்மா எழுந்து, தங்கையின் மார்பில் கட்டிய துண்டை இறுக்கினாள். சக்கரத்தின் பூட்டை எடுத்து, நாற்காலியைத் திருப்பி, கதவு நிலையில் இடிக்காமல் பார்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். டாக்டர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். மை டப்பாவை மூடினார். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். வாசலில் நின்ற நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்து, நாற்காலி காலியாவதற்காக என் பக்கத்தில் நின்றாள்.